இஎஸ்ஐ பிடிக்கிற கம்பெனியில் பிரசவ லீவு: ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

நிலாமகள்:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஜூனில் சேர்ந்தேன். சம்பளம் 19,000, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இரண்டும் மாதாமாதம் பிடிக்கிறார்கள். இப்போது 4 மாதம், முதல் குழந்தை, பிப்ரவரி நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஹெச்ஆரிடம் சொன்னதற்கு, இங்கே 3 மாதத்துக்கு மேல் லீவு தரும் வழக்கம் இல்லை, அதுவும் சம்பளம் இல்லாமல்தான், அதைவிட இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தை பிறந்த பிறகு புதிதாகச் சேர்ந்துகொள் என்கிறார்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரு அக்கா, அரசாங்கத்தில் 18,000 தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்கிறார். இந்த 18,000 யார் தருவது, இஎஸ்ஐயில் ஏதாவது வருமா, இரண்டும் ஒன்றா வேறு வேறா, எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டு லோன் போகிறது, 6 மாதம் சம்பளம் இல்லாமல் தாங்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு நோட்டு:
தங்கச்சி, முதலில் ஒன்று. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா மட்டுமல்ல, "சொந்தக் காரணத்துக்காகச் சம்பளமில்லா விடுப்பு" என்று எழுதித் தரச் சொன்னாலும் வேண்டாம்.

நான் கோவையில் பல கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறவன். இஎஸ்ஐ உள்ள இடத்தில் பிரசவ லீவுச் சம்பளத்தைக் கம்பெனி தருவதே இல்லை, இஎஸ்ஐ கார்ப்பரேஷன் நேராக உங்கள் பேங்க் கணக்கில் போடுகிறது. அதற்குத்தான் மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும் கம்பெனி பங்காக 3.25 சதவீதமும் கட்டப்படுகிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள். நாள் ஒன்றுக்கு உங்கள் சராசரி தினச் சம்பளம் முழுதாக வரும், பாதி எல்லாம் கிடையாது. இதில் 8 வாரம் வரை பிரசவத் தேதிக்கு முன்பே எடுக்கலாம்.

தகுதி என்ன என்றால், குழந்தை பிறக்கும் பயன் காலத்துக்கு (கட்டிய சந்தாவுக்குப் பலன் கேட்கிற ஆறு மாதத்துக்கு) முந்தைய இரண்டு சந்தா காலங்களில் சேர்த்து 70 நாளாவது சந்தா கட்ட வேண்டியவராக இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அதற்கான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று, அதற்குப் பயன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. உங்களுக்குப் பிப்ரவரி. அப்படியானால் இந்த வருட ஏப்ரல்-செப்டம்பரும் அதற்கு முந்தைய அக்டோபர்-மார்ச்சும் கணக்கு. போன ஜூனிலிருந்து விடாமல் வேலை பார்த்திருக்கிறீர்கள், 70 நாளைத் தாண்டி எங்கேயோ போய்விட்டீர்கள். கவலையே வேண்டாம்.

கொங்கு செவிலி:
அந்த 18,000 பற்றி நான் சொல்கிறேன், ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வேலை. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், மாநில அரசு தருவது. சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கர்ப்ப காலத்தில் அம்மாவும் குழந்தையும் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தருகிற பணம். 14,000 ரொக்கம், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் இருக்கும். ரொக்கம் முன்பு ஐந்து தவணையாக வந்தது, அதை மூன்றாக மாற்றிவிட்டார்கள்: 4-ஆம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்து 4-ஆம் மாதத்தில் 6,000, 9-ஆம் மாதத்தில் 2,000. மத்திய அரசின் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே சேர்ந்து வருவதுதான், அதற்கென்று தனியாக அலைய வேண்டாம்.

இது வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு, 19 வயது முடிந்த பெண்ணுக்கு, இரண்டு பிரசவம் வரைக்கும். உங்கள் வீட்டு வருமானத்துக்குப் பொருந்துமா என்பதை உங்கள் பகுதி செவிலியரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பணம் வருகிறதோ இல்லையோ, பிக்மி பதிவு, அதாவது கர்ப்பத்தை அரசு சுகாதாரத் தளத்தில் பதிவது, கட்டாயம். அதில் கிடைக்கிற ஆர்சிஹெச் எண் (தாய் சேய் நலப் பதிவு எண்) இல்லாமல் நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இழுபறி ஆகும். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்கள் பலர் இதை விட்டுவிட்டு, பிரசவ வார்டில் படுத்துக்கொண்டு நம்பர் கேட்டு போன் செய்கிறார்கள். 12 வாரத்துக்குள் பதிவது நல்லது. உங்களுக்கு 4 மாதம் ஆகிவிட்டது, பதியவில்லை என்றால் நாளைக்கே ஆதார், பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு போங்கள். பேங்க் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், ஆதாரோடு இணைந்திருக்கட்டும். கணவர் கணக்கு, மாமியார் கணக்கு என்று கொடுத்து நின்றுபோன தவணைகள் நிறைய. தனியாரில் பிரசவம் பார்ப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலம் செல்வி:
நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு வேலை இல்லை, கணவருக்கு இஎஸ்ஐ இருக்கிறது. எனக்கும் அந்த 26 வாரப் பணம் வருமா?

கணக்கு நோட்டு:
வராதுங்க. சம்பளப் பணம் இஎஸ்ஐயில் பதிவான பெண் தொழிலாளிக்கு மட்டும். ஆனால் கணவர் வழியாக உங்களுக்கு இஎஸ்ஐ மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. இஎஸ்ஐ மருத்துவ வசதி இல்லாத ஊரில் பிரசவம் ஆனால் 7,500 ரூபாய் பிரசவச் செலவு என்று கேட்கலாம், அது இரண்டு பிரசவம் வரை.

நிலாமகள்:
செவிலி அக்கா, நோட்டு அண்ணா இருவருக்கும் நன்றி. பிக்மி பதிவு ஏற்கனவே ஆகிவிட்டது, நம்பர் இருக்கிறது. இன்னொரு சிக்கல். ஹெச்ஆர் இன்று வேறு மாதிரி பேசினார்கள். அக்டோபரில் எனக்கு இன்கிரிமெண்ட் வரும், 21,000-ஐத் தாண்டும், அப்புறம் நீ இஎஸ்ஐயிலேயே இருக்க மாட்டாய், எதுவும் கிடைக்காது என்கிறார்கள். இன்கிரிமெண்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவா?

கணக்கு நோட்டு:
வேண்டாம், வேண்டாம். உழைத்து வாங்குகிற இன்கிரிமெண்டை ஏன் விட வேண்டும்.

21,000 என்பது உச்சவரம்பு, சரிதான். ஆனால் சந்தா காலத்தின் நடுவில் சம்பளம் ஏறினால் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும். நவம்பர் சம்பளத்தில் ஏறினால் மார்ச் 31 வரை நீங்கள் உள்ளேதான். சரியாக அக்டோபர் 1 முதலே ஏறினால் அன்றிலிருந்து பிடித்தம் நிற்கும். அப்படி நின்றாலும் பிப்ரவரிப் பிரசவத்துக்குப் பார்ப்பது செப்டம்பர் வரை கட்டிய சந்தாவைத்தான், அது ஏற்கனவே கட்டியாயிற்று. அதையும் மீறி இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே போய்விட்டவர் என்று வைத்துக்கொண்டாலும் கம்பெனி தப்பிக்க முடியாது. வரம்பைத் தாண்டிய பெண்ணுக்கு மகப்பேறு நலச் சட்டப்படி முதலாளியே தன் கையிலிருந்து 26 வாரச் சம்பளம் தர வேண்டும். உங்கள் ஹெச்ஆர் சொல்வது கம்பெனிக்கே செலவு வைக்கிற யோசனை.

மதுரை மல்லி:
நான் அந்த இரண்டாவது வகை. சம்பளம் 21,000-க்கு மேல், இஎஸ்ஐ இல்லை. 10 பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடம் என்றால் கடையோ ஆபீஸோ சட்டம் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கன்ஃபர்மேஷன் ஆகவில்லை, புரொபேஷன் என்றெல்லாம் சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பரிசோதனை, பிரசவம் எதையும் கம்பெனி இலவசமாகப் பார்த்துத் தரவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. இந்த 3,500-ஐப் பலர் கேட்பதே இல்லை, கேளுங்கள்.

26 வாரம் முதல் குழந்தைக்கு மட்டும்தான் என்று என் ஆபீசில் சொன்னார்கள், அது சரியா?

தாமிரபரணி:
சரி இல்லை மல்லி. உயிருடன் இரண்டு குழந்தைகள் ஏற்கனவே இருந்தால்தான் அடுத்ததற்கு 12 வாரமாகக் குறையும். முதல், இரண்டாவது இரண்டுக்கும் 26 வாரம். 2017 ஏப்ரலில் 12-லிருந்து 26 ஆக்கியபோதே இப்படித்தான் வைத்தார்கள்.

நான் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன், இந்த மாதிரி கேஸ் நிறைய வரும். நிலா, உங்களுக்கு இரண்டு விஷயம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதும், பிரசவ விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும் சட்டப்படி செல்லாது. அது தெரிந்துதான் நீங்களாகவே எழுதிக் கொடுத்த மாதிரி ராஜினாமா கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் சீனியாரிட்டி போகும், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கான 5 வருடக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். லீவில் போனால் அந்த 26 வாரமும் தொடர்ந்து வேலை பார்த்ததாகவே கிராஜுவிட்டியில் கணக்காகும். "புதிதாகச் சேர்ந்துகொள்" என்ற வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது, அதை நம்பிப் போன பெண்களில் திரும்ப அழைக்கப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோபமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். எல்லாம் மெயிலில். "எனக்குப் பிரசவத் தேதி இது, இந்தத் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பில் போகிறேன், அந்த நாட்களில் வேறு எங்கும் வேலை பார்க்க மாட்டேன்" என்று நான்கு வரி போதும், டாக்டர் சான்று இணையுங்கள். சட்டப் பிரிவு எண் எதுவும் போட வேண்டாம். 1961 மகப்பேறு நலச் சட்டமும் 1948 இஎஸ்ஐ சட்டமும் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன, அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. பழைய எண்ணைப் போட்டால் அந்தச் சட்டமே இல்லை என்று யாராவது குழப்புவார்கள். 26 வாரம், 80 நாள், 8 வாரம் எதுவும் புதியதில் மாறவில்லை.

நூல்கண்டு:
நான் 30 பேர் வைத்துச் சின்னதாக யூனிட் நடத்துகிறேன். எல்லாரும் முதலாளியைத் திட்டுகிறீர்கள். கணக்குப் பார்க்கிற ஒரே பெண் 6 மாதம் போனால் ஜிஎஸ்டி யார் போடுவது? இப்படியே போனால் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள், அது உங்களுக்குத்தான் நஷ்டம்.

தாமிரபரணி:
ஐயா, உங்கள் சிரமம் நிஜம், மறுக்கவில்லை. ஆனால் இஎஸ்ஐ உள்ள இடத்தில் அந்த 6 மாதமும் உங்கள் கல்லாவிலிருந்து அவருக்கு ஒரு ரூபாய் போகவில்லை. அவருக்குத் தருகிற சம்பளம் அப்படியே மிச்சம், அதை வைத்து ஒரு தற்காலிக ஆளைப் போடலாம், போகிறவரே லீவுக்கு முன் ஒரு மாதம் கூட இருந்து சொல்லிக் கொடுப்பார். 4 மாதத்திலேயே வந்து சொல்லிவிட்ட பெண் உங்களுக்கு 3 மாத அவகாசம் தருகிறார், ராஜினாமா கேட்டால் அடுத்த பெண் 8-ஆம் மாதம் வரை மறைத்துத்தான் வைப்பார்.

இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் முழுச் சுமையும் முதலாளி மேல் விழுவது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். 2018-இல் 7 வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்கு அரசே திருப்பித் தரலாம் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் யோசனை சொன்னது. அதை நிறைவேற்றக் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம். மாசமாக இருக்கிற பெண்ணின் தலையில் அந்தச் சுமையை இறக்காதீர்கள்.

நூல்கண்டு:
இஎஸ்ஐ நேராகத் தருகிறது என்பது எங்கள் ஆடிட்டர் சொல்லவில்லை. விசாரிக்கிறேன்.

அமுதா அம்மா:
அரசுக் கல்லூரி ஒன்றில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறேன். நிரந்தர ஆசிரியைகளுக்கு 12 மாதம் லீவு, 2021 ஜூலையிலிருந்து. அதே அறையில் உட்கார்ந்து அதே பாடம் எடுக்கிற எனக்கு ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது, பிரசவம் மார்ச்சில். ஒப்பந்தம் முடிந்தால் லீவும் முடிந்தது என்கிறார்கள்.

தாமிரபரணி:
அமுதா அம்மா, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் இதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அவர் டெல்லியில் ஒப்பந்த மருத்துவர். தகுதி வந்த பிறகு ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறுப் பயன் அதைத் தாண்டியும் முழுதாகத் தொடரும் என்பதுதான் தீர்ப்பு. தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000-லேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். 2025 மே மாதம் தருமபுரி மாவட்ட ஆசிரியை உமாதேவி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பை மறுத்த மாநில அரசின் முடிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உங்கள் கல்லூரி முதல்வருக்குக் கவிதா யாதவ் தீர்ப்பை இணைத்து ஒரு விண்ணப்பம் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

பாத்திமா கோவை:
எனக்கும் ஒன்று சொல்லுங்கள் நோட்டு அண்ணா. நான் ஆகஸ்டில்தான் வேலைக்குச் சேர்ந்தேன், தேதி மே மாதம். அப்போது 70 நாள் வருமா?

கணக்கு நோட்டு:
இது கொஞ்சம் இக்கட்டு. மே என்றால் ஜனவரி-ஜூன் பயன் காலம், அதற்கு செப்டம்பர் வரைதான் கணக்கு. ஆகஸ்டு, செப்டம்பர் சேர்த்தாலே 61 நாள்தான். தேதி ஜூலையில் இருந்திருந்தால் அக்டோபர்-மார்ச்சும் சேர்ந்து தாராளமாக வந்திருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன், இதற்கு முன் எங்காவது இஎஸ்ஐ பிடித்த இடத்தில் வேலை பார்த்தீர்களா?

பாத்திமா கோவை:
ஆமாம், ஜூன் வரை ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். இங்கே புது இஎஸ்ஐ நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு நோட்டு:
அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது. இஎஸ்ஐ நம்பர் கம்பெனிக்கு இல்லை, ஆளுக்கு. வாழ்நாள் முழுதும் ஒரே நம்பர்தான். பழைய நம்பரையும் புதியதையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகம் போய் இரண்டையும் இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கட்டியதும் சேர்ந்துவிடும், 70 நாள் சுலபமாக வரும். வேலை மாறுகிற ஒவ்வொரு பெண்ணும் பழைய இஎஸ்ஐ நம்பரைச் சேரும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும், ஹெச்ஆர் சோம்பல்பட்டுப் புதிதாகப் போட விடாதீர்கள்.

இதோடு இன்னொன்று. கம்பெனி உங்களிடம் பிடித்துக்கொண்டு இஎஸ்ஐயில் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. சந்தா "கட்ட வேண்டியிருந்த" நாள்தான் கணக்கு. பே ஸ்லிப்பை எல்லாம் பத்திரமாக வையுங்கள், கார்ப்பரேஷன் உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும்.

கொங்கு செவிலி:
பனியன் கம்பெனி என்றதால் சொல்கிறேன், நிலா உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஆனால் இதைப் படிக்கிற செக்கிங், அயர்னிங் பெண்களும் இருப்பீர்கள். பிரசவத் தேதிக்கு 10 வாரம் முன்பிருந்தே, நீங்கள் கேட்டால், நெடுநேரம் நின்று பார்க்கிற வேலையையும் பளு தூக்குகிற வேலையையும் தரக் கூடாது, அதற்காகச் சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. கால் வீங்கிக்கொண்டு 12 மணி நேர ஷிப்டு முடித்து வருகிற பெண்களுக்கு பிபி பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை. கேளுங்கள். கரு கலைந்துபோனவர்களுக்கும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அந்த நேரத்தில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலாமகள்:
நீங்கள் சொன்னபடி மெயில் போட்டேன், டாக்டர் சான்றும் இணைத்தேன். ராஜினாமாப் பேச்சு நின்றுவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, சரி, லீவு எடுத்துக்கொள், ஆனால் மாதக் கடைசியில் இரண்டு நாள் வந்து கணக்கு முடித்துக் கொடு, அதற்குத் தனியாகச் சம்பளம் போடுகிறோம் என்றார். உதவியாகத்தான் கேட்கிறார் என்று தோன்றுகிறது, போகலாமா?

கணக்கு நோட்டு:
போகக் கூடாது. சம்பளத்துக்கு வேலை பார்க்காத நாளுக்குத்தான் இஎஸ்ஐ பணம். லீவில் இருக்கிற மாதத்தில் உங்கள் பெயரில் வருகைப் பதிவு விழுந்து சந்தா கட்டப்பட்டால், அந்த நாட்களுக்கான பணம் போவதோடு மொத்த விண்ணப்பமும் விசாரணைக்கு நிற்கும். பிரசவமான முதல் 6 வாரம் உங்களை வேலைக்கு வரச் சொல்வதே சட்டத்துக்கு விரோதம். இப்போதே ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் இப்படி. இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிக் கர்ப்பச் சான்று வாங்குங்கள். தனியாரில் பார்த்தாலும் மருந்தகப் பதிவை விட்டுவிட வேண்டாம். லீவு தொடங்கியதும் படிவம் 19, அதை இஎஸ்ஐ தளத்தில் உங்கள் நம்பரை வைத்து நீங்களே போடலாம், கிளை அலுவலகத்திலும் கொடுக்கலாம். குழந்தை பிறந்ததும் பிரசவச் சான்று. தளத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பேங்க் விவரம் ஆதாரில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்களுக்கு இங்கேதான் அடைபடும்.

அப்புறம், கம்பெனி உங்கள் சம்பளமாக இஎஸ்ஐக்குக் காட்டியது எவ்வளவு என்று பாருங்கள். பல இடங்களில் 19,000 கொடுத்துவிட்டு 12,000-க்குத்தான் சந்தா கட்டுவார்கள். அப்படி இருந்தால் தினத் தொகையும் 12,000 கணக்கில்தான் வரும். பே ஸ்லிப்போடு கிளை மேலாளரிடம் புகார் கொடுத்தால் சரிசெய்ய வைக்கலாம், பிரசவத்துக்கு முன்பே செய்தால் அலைச்சல் குறையும்.

நிலாமகள்:
தளத்தில் பார்த்தேன் அண்ணா, 14,500 என்றுதான் காட்டியிருக்கிறார்கள். பே ஸ்லிப்பில் மீதி "இதர படி" என்று இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளை அலுவலகம் போகிறேன்.

கணக்கு நோட்டு:
போங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர்கள் கேட்கிற படிவம் எதுவாக இருந்தாலும் இங்கே எழுதுங்கள், நிரப்ப உதவுகிறேன்.

தாமிரபரணி:
50 பேருக்கு மேல் இருக்கிற கம்பெனி என்றால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், நீங்கள் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு. உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இல்லை என்றால் அதற்கு வேறு ஒரு மனு போட வேண்டும், மற்ற பெண்களின் கையெழுத்தும் சேர்த்து.